சத்தத்தைக் கேட்டு புல்லட் வாங்கலாமா?

பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கள் முதலில் காது கொடுப்பது அதன் சத்தத்துக்குத்தான். கிக்கரை உதைத்ததும் சீராக ஓடிவிட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி. ஆனால், பழைய வண்டியில் சரிசெய்ய எளிதானது இன்ஜின்தான். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட்டின் 350 சிசி காஸ்ட் அயர்ன் இன்ஜினின் அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்குப் பெரிதாக மாறவே இல்லை. அதனால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன; அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

காசு கொடுத்தாலும் எளிதில் மீளாதது இரும்பு உடம்பு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாகவே ஓடிய வண்டியில் உப்புக்காற்று ஏறாத இடுக்கு இருக்காது. துரு கண்ணில் படும் இடத்தில் தொடங்குவதில்லை. மட்கார்டின் உள்மடிப்பு, ஆசிட் வழிந்த பேட்டரிப் பெட்டியின் அடி, டேங்கின் உட்புறம், சேசிஸ் குழாய்களின் பற்றவைப்பு என மறைவாகவே தின்னும். மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால் புதுவண்டிபோல மின்னும். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் அது சரியாக ஒட்டாது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த இன்ஜின் எளிதில் கிளம்பும். ஆறிய இன்ஜினை நீங்களே உதைத்துப் பாருங்கள். சைலன்சரில் நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

‘இன்ஜின் வேலைக்கும் ஆயிரக்கணக்கில் ஆகுமே’ என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் கழிக்க முடியும். ‘சேசிஸையும் வெல்டிங் வைத்துவிடலாமே’ என்றும் சொல்வார்கள். உள்ளே மெலிந்துபோன குழாய்க்கு வெளியே வைக்கும் ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கழுத்துப் பகுதியில் பொறித்த சேசிஸ் நம்பர் துருவில் அழிந்திருந்தாலோ, திருத்திய தடம் தெரிந்தாலோ சிக்கல் பட்டறையைத் தாண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடும். இன்ஜின் மாற்றிய வண்டியில் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழமைக்கே மதிப்பு என்று நினைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2021-இல் வந்த மத்திய அரசு விதி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளையே விண்டேஜ் என ஏற்கிறது. இரு சக்கர வண்டிகளுக்கும் அதே கணக்கு. எனவே முதலில் ஆர்.சி., அடுத்து சேசிஸ், கடைசியில் கிக்கர். முதல் இரண்டில் தேறாத வண்டி எவ்வளவு இனிமையாக ஓடினாலும், விலை மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது.