நடக்க வைத்த இயந்திரம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரையொட்டி நார்த் ராண்டல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தைச் சுற்றித்தான். அங்கே குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்த இடத்தில் 1976இல் ராண்டல் பார்க் மால் எழுந்தது. உலகிலேயே பெரிய மால் என்று அப்போது கொண்டாடப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர அடி. ஊராருக்குப் பங்கு பிரித்திருந்தால் ஆளுக்கு இரண்டு ஃப்ளாட் அளவு இடம் கிடைத்திருக்கும். அந்த மால் 2009இல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. 2018இல் அதே மண்ணில் 8,55,000 சதுர அடியில் அமேசானின் கிடங்கு செயல்படத் தொடங்கியது.

ஒரே நிலத்தில் அடுத்தடுத்து நின்ற இந்த இரண்டு கட்டடங்களும் பொருள் விற்பதற்கான இயந்திரங்கள். முதலாவதில் பொருள் ஓரிடத்தில் நிற்கும், மனிதர்கள் நடப்பார்கள். இரண்டாவதில் மனிதர் ஓரிடத்தில் நிற்பார், பொருள் அவரைத் தேடி வரும். மால்கள் ஏன் சரிகின்றன என்பதற்கான விடை இந்தத் தலைகீழ் மாற்றத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதல் இயந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மால் என்ற அந்த வடிவத்தை உருவாக்கியவர் விக்டர் க்ரூயன். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதக் கட்டடக் கலைஞர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். அமெரிக்கப் புறநகர்களில் எங்கு போவதானாலும் காரில்தான் போக வேண்டும். நின்று பேச ஒரு முற்றம் இல்லை, உலாவ ஒரு வீதி இல்லை. வியன்னாவின் வீதிகளில் வளர்ந்த அவரை இது உறுத்தியது. மினசோட்டா மாநிலத்தின் எடைனாவில் டேட்டன் குடும்பத்து நிறுவனத்துக்காக அவர் கட்டிய சவுத்டேல் சென்டர் 1956 அக்டோபரில் திறக்கப்பட்டது. முழுக்கக் கூரையிட்டு, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்த முதல் மால் அதுதான். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். 72 கடைகள், 5,200 கார்களுக்கு இடம்.

அதன் நுட்பம் மக்களை நடக்க வைக்கும் விதத்தில் இருந்தது. அதற்கு முந்தைய வணிக வளாகங்களில் கடைகள் வெளியே சாலையைப் பார்த்து நின்றன. க்ரூயன் அவற்றை உள்நோக்கித் திருப்பினார். வெளிச்சுவர்கள் மொட்டையாகிவிட, அத்தனை கண்ணாடி அலங்காரமும் நடுமுற்றத்தைப் பார்த்தது. கார் நிறுத்துமிடத்தை இரண்டு மட்டங்களில் அமைத்து, ஒரு பாதிக் கூட்டம் கீழ்த் தளத்திலும் மறுபாதி மேல்தளத்திலும் நேராக நுழையும்படி செய்தார். மாடிக் கடை என்றால் வியாபாரம் மந்தம் என்ற பழைய விதி இதனால் உடைந்தது. இரண்டு தளமும் தரைத்தளம்போல ஆகிவிட்டது.

பின்னாளில் இதிலிருந்து ஓர் உளவியல் கலைச்சொல்லும் பிறந்தது: க்ரூயன் மாற்றம். ஒரு ஜோடி செருப்பு வாங்க வந்தவர், வெளிச்சமும் இசையும் வாசனையும் சூழ, வந்த காரியத்தை மறந்து உலாவத் தொடங்கும் அந்தக் கணத்துக்கு அப்படிப் பெயர். அவர் எத்தனை கடைகளைக் கடக்கிறாரோ, கை நீள்வதற்கு அத்தனை வாய்ப்புகள்.

மால்கள் நாடெங்கும் பரவியதற்கு இந்த வடிவம் மட்டும் காரணமில்லை. வருமான வரிச் சட்டத்தின் ஒரு மூலையிலும் இன்னொரு விசை ஒளிந்திருந்தது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது என்று கணக்கில் காட்டி, அந்தத் தொகைக்கு வரி தவிர்க்கலாம். ஒரு கோடி டாலர் கட்டடத்தின் ஆயுள் 40 ஆண்டு என்றால், சீரான தேய்மானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர். 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம், புதிதாகக் கட்டுபவர்கள் முதலாண்டில் அதைப்போல இரு மடங்கு, அதாவது ஐந்து லட்சம் டாலரைக் கழித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. கையில் லாபம் வந்துகொண்டிருக்கும்போதே ஏட்டில் நஷ்டம் காட்ட முடிந்தது. நகருக்குள் இருந்த பழைய கட்டடத்தைச் செப்பனிடுவதைவிட, ஊருக்கு வெளியே மலிவு நிலத்தில் புதிதாகக் கட்டுவது லாபமானது. வாடிக்கையாளர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. அரை நூற்றாண்டு இப்படிக் கட்டியதில், தலைக்குச் சுமார் 23 சதுர அடி கடைப் பரப்பு என்ற நிலைக்கு அமெரிக்கா வந்தது. பக்கத்து நாடான கனடாவில் அது 16, ஆஸ்திரேலியாவில் 11 சதுர அடி.

இனி வாடகைக் கணக்கைப் பார்ப்போம். மாலின் இரு முனைகளிலும் பிரம்மாண்டமான டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள் இருக்கும். இவை ஆங்கர் கடைகள், அதாவது கூட்டத்தை இழுத்துவரும் நங்கூரக் கடைகள். கோயில் வாசலில் இருக்கும் பூக்கடையும் தேங்காய்க் கடையும் சாமி கும்பிட வரும் கூட்டத்தை நம்பிப் பிழைப்பதுபோல, நடுவிலுள்ள சிறு கடைகள் ஒரு நங்கூரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் கூட்டத்தை நம்பிப் பிழைக்கின்றன. சவுத்டேலில் டேட்டன் குடும்பம் தங்கள் போட்டியாளரான டொனால்ட்சன்ஸ் கடையை அழைத்து மறுமுனையில் உட்கார வைத்ததும் இதனால்தான். எதிராளி வந்தால்தான் நடை நீளும்.

நங்கூரங்களின் இந்தச் சேவைக்குக் கூலி உண்டு. அமெரிக்க மால்களின் குத்தகை ஒப்பந்தங்களை ஆராய்ந்த எரிக் கூல்ட், பீட்டர் பஷிஜியன், கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். மாலின் பாதிக்கும் மேற்பட்ட இடத்தை வைத்திருக்கும் நங்கூரக் கடைகள், மால் வசூலிக்கும் மொத்த வாடகையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தருகின்றன. பல நங்கூரங்கள் வாடகையே தருவதில்லை. மாலின் உண்மையான வருமானம் செருப்புக் கடை, நகைக் கடை, பிஸ்கட் கடை என்று நடுவில் உள்ள சிறு கடைகளிலிருந்து வருகிறது. கூட்டத்தைக் கூட்டுபவர் ஒருவர், அதற்குப் பணம் கொடுப்பவர் இன்னொருவர்.

சிறு கடையின் வாடகையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. மாத வாடகை தவிர, விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகையில் இத்தனை சதவீதம் மாலுக்கு என்று ஒப்பந்தம் இருக்கும். விற்பனைப் பங்கு வாடகை என்று இதைச் சொல்லலாம். கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தால்தான் மால்காரருக்கும் கூடுதல் காசு. ஆகவே விளக்கு எரிவதிலும், கழிவறை சுத்தமாக இருப்பதிலும், நல்ல கடைகளைத் தேடிப் பிடிப்பதிலும் மால்காரர் தானாகவே அக்கறை காட்டுவார்.

இத்தனை கச்சிதமாகப் பின்னிய வலைக்குள்ளேயே அது அவிழ்வதற்கான முடிச்சும் இருந்தது. நங்கூரத்தை நம்பி அதிக வாடகை தரும் சிறு கடைக்காரர் ஒரு பாதுகாப்பு கேட்பார். நங்கூரக் கடை மூடப்பட்டாலோ, மாலில் காலி இடம் ஓர் அளவைத் தாண்டினாலோ, என் வாடகை குறைய வேண்டும் அல்லது நான் வெளியேறலாம் என்பது அது. உடனிருப்பு நிபந்தனை எனலாம். நல்ல காலத்தில் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நங்கூரம் விழுந்தால் அத்தனை ஒப்பந்தங்களிலும் இது ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. வாடகை குறைகிறது, சில கடைகள் கிளம்புகின்றன, காலி இடம் கூடுகிறது, அதைக் காட்டி இன்னும் சில கடைகள் கிளம்புகின்றன. வருமானம் வற்றிய மால்காரர் பராமரிப்பைக் குறைக்கிறார். அதைப் பார்த்து அடுத்த நங்கூரமும் யோசிக்கிறது.

ராண்டல் பார்க்கில் ஐந்து நங்கூரங்கள் இருந்தன. அவை விழத் தொடங்கியபோது இணைய வணிகம் குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. 2000இல் அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு சுமார் 1 சதவீதம். சுற்றியிருந்த புதிய மால்களும், ஒரே கூரையின் கீழ் மலிவாக விற்ற பெருங்கடைகளும் ராண்டல் பார்க்கின் கூட்டத்தை முதலில் பிரித்துக்கொண்டன. அளவுக்கு மீறிக் கட்டியதன் விலை அது.

இணையம் வந்து விழுந்தது இப்படி ஏற்கெனவே தளர்ந்திருந்த கட்டமைப்பின் மீது. அதன் பங்கு 2019இல் 11 சதவீதமாகவும் 2024இல் 16 சதவீதமாகவும் உயர்ந்தது. நூறு ரூபாய்க்கு 16 ரூபாய்தானே, மீதி 84 ரூபாய் கடைகளில்தானே செலவாகிறது என்று தோன்றும். ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு டாலர் விற்பனையில் சரக்குக்கு 60, வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 35, லாபம் 5 என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 90 ஆகக் குறைந்தால் சரக்குச் செலவு 54 ஆகும், ஆனால் வாடகையும் சம்பளமும் அதே 35தான். மிஞ்சுவது ஒரே ஒரு டாலர். விற்பனை 85 ஆனால் ஒரு டாலர் நஷ்டம். நூறு வாடிக்கையாளரில் 85 பேர் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கடை மூழ்கிவிடுகிறது.

அளவுகோலும் கூடவே குழம்பியது. ஒருவர் மாலுக்கு வந்து கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குகிறார். கோட்டை விற்றது மாலில் உள்ள கடை, ஆனால் விற்பனை அதன் கணக்கில் ஏறாமல் போகலாம். இன்னொருவர் இணையத்தில் வாங்கிய சட்டையை அதே கடையில் திருப்பிக் கொடுக்கிறார். ஒருபோதும் ஏறாத விற்பனை கடைக் கணக்கிலிருந்து இறங்கலாம். விற்பனைப் பங்கு வாடகையின் அடித்தளமே ஆடுகிறது. இணைய விற்பனை யார் கணக்கு, திரும்பி வந்த பொருள் யார் கணக்கு என்று இன்றைய குத்தகை ஒப்பந்தங்களில் வரி வரியாகப் பேரம் நடக்கிறது.

சியர்ஸ் நிறுவனத்தின் கதை இங்கே வியப்பானது. நூறாண்டு காலம் தடிமனான அட்டவணைப் புத்தகம் அனுப்பி, தபாலில் ஆர்டர் வாங்கி, நாடெங்கும் வீட்டுக்கே பொருள் அனுப்பிய நிறுவனம் அது. அந்தப் பெரிய அட்டவணையை 1993இல் நிறுத்தியது. அமேசான் தொடங்கப்பட்டது 1994இல். மால்களின் நங்கூரமாக மாறியிருந்த சியர்ஸ் 2018இல் திவால் மனு கொடுத்தது. இன்னொரு நங்கூரமான ஜேசி பென்னி 2020இல் அதே வழியில் போயிற்று.

காலியான மால்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன? பல நங்கூரக் கடைகள் தங்கள் கட்டடத்தையும் அதைச் சுற்றிய கார் நிறுத்துமிடத்தையும் சொந்தமாக வைத்திருக்கும். கூடவே, தங்கள் சம்மதம் இல்லாமல் வளாகத்தின் வடிவத்தை மாற்றக் கூடாது என்று பல பத்தாண்டுகளுக்கு ஒப்பந்தமும் போட்டிருக்கும். ஒரு மாலுக்கு நாலைந்து உரிமையாளர்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை ஒரு சுவரை நகர்த்தக்கூட வழியில்லை.

இப்போது இரண்டாம் இயந்திரத்துக்குள் போவோம். அமேசான் 2012இல் கீவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. தரையோடு ஊர்ந்து செல்லும் தட்டையான வண்டி போன்றவை அந்த ரோபோக்கள். தரையில் சீரான இடைவெளியில் ஒட்டிய குறியீடுகளைக் கேமராவால் படித்து வழி அறிகின்றன. வேண்டிய அலமாரியின் அடியில் புகுந்து, பல நூறு கிலோ எடையோடு அதை அப்படியே தூக்கிக்கொண்டு, நின்றிருக்கும் ஊழியரின் எதிரே கொண்டுவந்து நிறுத்துகின்றன. அவர் எடுக்க வேண்டிய பொருள் எந்தத் தட்டில் என்று திரை காட்டும். 2025இல் தன் ரோபோக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது.

அந்த அலமாரிகளில் பொருள்கள் அடுக்கப்படும் முறை, மால் கற்றுத்தந்த அத்தனையையும் மறுக்கிறது. பல் துலக்கும் பிரஷ் அருகே பொம்மை, அதற்குப் பக்கத்தில் கேமரா பேட்டரி. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பொருள் போகும். எது எங்கே என்பது கணினிக்குத் தெரியும். இதற்குச் சிதறல் அடுக்கு என்று பெயர் சொல்லலாம். ஒரே பொருள் கிடங்கின் பல மூலைகளில் இருப்பதால், எப்போதும் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். ஒரே மாதிரியான பொருள்கள் அருகருகே இல்லாததால் கை தவறி மாற்றி எடுப்பதும் குறைகிறது. மாலில் ஒழுங்கு என்பது வாடிக்கையாளர் கண்ணுக்காக. இங்கே பார்ப்பதற்கு வாடிக்கையாளரே இல்லை.

இந்த வசதிக்கும் நிலம் வேண்டும். அதே அளவு வியாபாரத்துக்கு, கடைவழி விற்பனையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கிடங்குப் பரப்பு இணைய விற்பனைக்குத் தேவை என்கிறது பெரிய கிடங்கு உரிமையாளர்களில் ஒன்றான ப்ரோலாஜிஸ். மாலின் கண்ணாடி அலமாரியும் பின்னறையும் சும்மா சேமித்துவைத்த சரக்கு, இப்போது கிடங்கில்தான் இருந்தாக வேண்டும். மாலுக்கு நாம் காரோட்டிப் போய் நம் பெட்ரோலில் பொருளைக் கொண்டுவந்தோம். அந்த வேலை இன்று சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் ஒருவருடையது. நடை ஒழிந்துவிடவில்லை. நம்மிடமிருந்து ரோபோவுக்கும் டெலிவரி ஊழியருக்கும் கை மாறியிருக்கிறது.

எல்லா மால்களும் சாகவில்லை. சவுத்டேல் இன்றும் இயங்குகிறது. அங்கே நங்கூரமாக இருந்த ஜேசி பென்னி கட்டடத்தை இடித்துவிட்டு, 2019இல் உடற்பயிற்சி மையம் ஒன்று திறந்தார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. க்ரூயன் முதலில் வரைந்த திட்டத்தை எடுத்துப் பார்த்தால் இது புதுமையே இல்லை. 463 ஏக்கரில் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் சேர்ந்த ஒரு சிறு நகரம் அது. அதில் மால் ஒரு பகுதி மட்டுமே. லாபம் தந்த அந்தப் பகுதியைக் கட்டிவிட்டு மீதியில் பெரும்பகுதியை விட்டுவிட்டார்கள். தன் பெயரால் நடந்ததைக் கண்டு மனம் கசந்த க்ரூயன் வியன்னாவுக்கே திரும்பி, 1980இல் அங்கே காலமானார்.

அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று இப்போது சொல்லலாம். பொருளைக் கையில் சேர்ப்பது மட்டும்தான் வேலை என்றால் கிடங்கு மாலை எளிதாக வென்றுவிடும். நண்பரைப் பார்ப்பது, குழந்தையை ஓடவிடுவது, வியர்வை சிந்துவது, பல் வைத்தியரிடம் போவது, சேர்ந்து சாப்பிடுவது போன்றவற்றை எந்தப் பெட்டியிலும் வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு மால் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று அறிய அதன் விற்பனைக் கணக்கு போதாது. எதுவும் வாங்கும் எண்ணமே இல்லாமல் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.