திருத்துவோர் யாராயினும்...

புண்ணியங்களுக்கெல்லாம் அடித்தளம் தாழ்ச்சி என்று சிறு வயது முதலே மறைக்கல்வி வகுப்பில் படித்து வருகிறோம். ஆனால் அப்புண்ணியம் நம்மிடம் இருக்கிறதா என்று அறிவது எப்படி? கோவிலில் முழந்தாளிடும்போது நாம் எல்லோரும் தாழ்ச்சி உள்ளவர்களே! நம் குறையை ஒருவர் நேருக்கு நேர் எடுத்துச் சொல்லும்போதுதான் உண்மை வெளிப்படும். சொல்பவர் தலைமைச் சகோதரியானால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறோம். அதையே கீழ்வகுப்புச் சிறுமியோ, வீட்டில் வேலை செய்யும் அக்காவோ சொல்லிவிட்டால், "என்னைத் திருத்த இவள் யார்?" என்று உள்ளம் கொதிக்கிறது.

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுபவர் புனித மோனிக்கம்மாள். இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். செபத்தாலும் கண்ணீராலும் தம் மகனை இறைவனிடம் கொண்டு சேர்த்த தாய் என்றே நாம் அவரை அறிவோம். அவரது சிறுமிப் பருவ நிகழ்ச்சி ஒன்றை அம்மகனாகிய புனித அகுஸ்தீனார், 'அறிக்கைகள்' என்னும் தம் நூலில் எழுதி வைத்துள்ளார்.

அந்நாட்டு மக்கள் திராட்சை இரசம் அருந்துவது வழக்கம். பீப்பாயிலிருந்து இரசம் எடுத்துவரப் பெற்றோர் மோனிக்காவை அனுப்புவார்கள். அவர் விளையாட்டாக முதலில் உதட்டளவு சுவைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு நாள், உடன் செல்லும் வேலைக்காரப் பெண்ணுக்கும் அவருக்கும் சண்டை மூண்டது. அப்பெண் ஆத்திரத்தில் 'குடிகாரி' என்று ஏசிவிட்டாள்.

எசமானர் மகளை வேலைக்காரி ஏசுவதா? பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பெண்ணுக்குத் தண்டனை கிடைத்திருக்கும். ஆனால் மோனிக்கா, "சொன்னவள் யார்?" என்று பார்க்கவில்லை, "சொன்னது உண்மையா?" என்று பார்த்தார். உண்மை என்று கண்டார். அப்பழக்கத்தை அன்றே விட்டொழித்தார். அப்பெண்ணின் நோக்கம் புண்படுத்துவதே அன்றித் திருத்துவதன்று என்பதை அகுஸ்தீனார் மறைக்கவில்லை. ஆயினும் அந்தச் சுடுசொல்லையே இறைவன் மருந்தாக்கினார்.

சிறுவயதில் கற்ற இப்பாடம் முதிர்ந்த வயதிலும் அவரிடம் நிலைத்திருந்தது. இத்தாலி நாட்டு மிலான் நகரில், ஆப்பிரிக்க வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் இரசமும் கொண்டு சென்றார். வாயிற்காவலர் தடுத்தார். ஆயர் அம்புரோசியாரின் கட்டளை அது என அறிந்ததும், "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று வாதாடாமல் தம் வழக்கத்தையே கைவிட்டார்.

தாயின் தாழ்ச்சி மகனிடமும் விளங்கியது. 70 வயதைக் கடந்தபின், 427ஆம் ஆண்டளவில், அகுஸ்தீனார் தாம் எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, திருத்த வேண்டியவற்றைத் தாமே குறித்து ஒரு தனி நூல் எழுதினார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநரே அப்படிச் செய்தார் என்றால், விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டு நாம் ஏன் முகம் வாட வேண்டும்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் எவ்வளவு கவனமாக ஆன்ம சோதனை செய்தாலும், நம் கண்ணுக்குத் தப்பும் குறைகள் உண்டு. அவற்றைக் காட்டவே இறைவன் நமக்குத் தோழியரையும் சகோதரியரையும் பெற்றோரையும் தந்திருக்கிறார். அவர்கள் சொல்லும் விதம் சில வேளை முள்ளாய்க் குத்தலாம். பலாப்பழத்தின் முள்ளுக்கு அஞ்சிச் சுளையை வேண்டாம் என்போமா?

சொல்லப்பட்டது உண்மையல்ல என்றால்? பொய்யை ஒப்புக்கொள்வது தாழ்ச்சி ஆகாது. முதலில் முழுவதும் கேட்போம்; அமைதியாய்ச் சிந்திப்போம்; பிறகு உண்மையைப் பணிவோடு எடுத்துரைப்போம். கேட்கும் முன்னே மறுப்பதுதான் ஆணவம்.

திருத்துவோர்க்கும் கடமை உண்டு. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனிமையில் பேசும்படி ஆண்டவர் இயேசு போதித்ததை மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பலர் முன்னிலையில் நகைத்துச் சுட்டிக்காட்டுவது திருத்தம் அன்று, காயம். மேலும், பிள்ளைகள் திருந்த வேண்டும் என விரும்பும் பெரியோர், பிள்ளைகள் சொல்லும் நியாயத்தையும் ஏற்றுக்கொண்டால், அதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ?

அன்பு மாணவியரே! ஆகஸ்டு 27இல் தாயின் திருநாளையும், மறுநாளே மகனின் திருநாளையும் திருச்சபை கொண்டாடுகிறது. இனி யாராவது நம் குறையைச் சொன்னால், விடை சொல்ல வாய் திறக்குமுன், "இது உண்மையா?" என்று ஒரு நொடி நம்மையே கேட்போம். உண்மையானால், "நன்றி, திருத்திக்கொள்கிறேன்" என்போம். தம் சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் அந்தச் சிறு சொல்லைச் சொல்லும் துணிவை நமக்குத் தருவாராக!