நர்ஸுக்கு ஜீவ ரசாயனம் எதற்கு?

காஞ்சீபுரத்தில் நெசவாளர் வீதி ஒன்றில் நமக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் உண்டு. தறிக்குழியில் கால் வைத்து முப்பதாண்டுகள் கழித்தவர். அவருடைய புதல்வி நர்ஸ் கல்லூரியில் முதலாண்டு வாசிக்கிறாள். நாம் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்த ஒரு நாள், அப்பெண் ஒரு பெரிய ஆங்கிலப் புஸ்தகத்தை ஏந்திக்கொண்டு வந்து, "ஐயா, நோயாளிக்கு மருந்து கொடுக்கவும், ஊசி போடவும், புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் கற்றுக்கொள்ளவே இப்படிப்பில் சேர்ந்தேன். அதற்கு இந்த ஜீவ ரசாயனம் எதற்கு? நூறு முறை உருப்போட்டாலும் பரீட்சை முடிந்த மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்பதில்லையே!" என்றாள். தந்தையார் நாடாவை நிறுத்தி, அவள் கேட்பதும் நியாயந்தானே என்பதுபோல் நம்மை நோக்கினார்.

கேள்வி அவ்வொரு பெண்ணுடையது அன்று. நமது நாட்டு நர்ஸ் பட்டப் படிப்பின் முதலாண்டிலேயே ஜீவ ரசாயனம் கட்டாயப் பாடமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாணவியர் அதனைச் சுமையென்று எண்ணிச் சுமந்து, பரீட்சை மண்டபத்தின் வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகின்றனர். இதனால் நஷ்டம் யாருக்கு? நாளை அவர்கள் கையால் மருந்துண்ணப் போகும் நமக்கே. ஆதலின், அன்று அத்தறியருகே அமர்ந்து நாம் கூறிய விடையை இங்குச் சற்று விரித்தெழுதுவது தகும் எனக் கருதுகிறோம்.

தறியிலிருந்தே தொடங்குவோம். பச்சைப் பட்டைச் சவுக்காரமும் சோடாவும் இட்ட வெந்நீரில் கொதிக்க வைப்பதைக் காஞ்சியில் அறியாதார் இல்லை. முரடாயிருந்த நூல் மிருதுவாகிறது, பளபளப்பும் பெறுகிறது, ஆனால் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்துவிடுகிறது. கரைந்து போவது செரிஸின் என்னும் பசை. எஞ்சி நிற்பது ஃபைப்ராயின் என்னும் இழை. இரண்டும் புரதங்களே. நமது தசையும், தோலும், ரத்தத்தின் செந்நிறப் பொருளும் புரதங்களாலேயே ஆனவை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த சரம். 1865-ம் ஆண்டில் பட்டின் பசையிலிருந்து அத்தகைய மணி ஒன்றைக் கிரேமர் என்னும் ஜெர்மானிய ரசாயனி பிரித்தெடுத்தார். பட்டிற்கு லத்தீன் பாஷையில் வழங்கிய பெயரையொட்டி அதற்குச் செரின் என்று பெயரிட்டனர். காஞ்சியின் சாயத் தொட்டியில் தினந்தோறும் கரைந்தோடும் அச்செரினே நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருந்து ஓர் அரிய வேலையைச் செய்கிறது. அது யாதென்று பின்னர்க் கூறுவோம்.

இனி, பம்பாய்க்குச் செல்வோம். 1928-ம் ஆண்டில் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் டாக்டர் அங்கு வந்தார். ஆடைத் தொழிலில் உழைத்து வந்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் ரத்த சோகையுற்று மாண்டுவந்தனர். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் மாத்திரம் பருத்திருந்தன. கிருமியால் வந்ததோ என்று தேடினார், கிருமி இல்லை. அவர்கள் உண்ட உணவை ஆராய்ந்தார். குறை அங்கேதான் இருந்தது. நமது நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திற்கும் 1929-ல் வந்து ஆராய்ச்சி செய்தார். சுத்திகரித்த ஈரல் சத்து அப்பெண்களைக் குணப்படுத்தவில்லை. மலிவான ஈஸ்ட் சாறு குணப்படுத்திற்று. இதனை 1931-ல் உலகறிய வெளியிட்டார். ஈஸ்டில் ஒளிந்திருந்த அப்பொருள் யாது? 1941-ல் அமெரிக்காவில் சிலர் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து அதனைச் சிறிதளவு பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் சூட்டினர்.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, சத்திர சிகிச்சை அங்கியையும் கதரிலேயே அணிந்து வந்தார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. தேர்ச்சி பெற்றும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே சுப்பாராவுக்குக் கிடைத்தது. கைத்தறித் துணி உடுத்தியதற்காக ஒருவர் பட்டத்தை இழந்த கதையைத் தறி நகரமாகிய காஞ்சி மறக்கலாகாது. 1923-ல் அவர் அமெரிக்கா சென்றார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்டார். இன்றும் ஜீவ ரசாயன நூல்களில் இருவர் பெயராலும் அது வழங்குகிறது. தசையின் சக்திக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-ல் அவ்விருவரும் அறிவித்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனித்துக் கண்டார். பிறகு லெடர்லே மருந்துச் சாலையில் சுப்பாராவின் தலைமையில் உழைத்த குழுவினர் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். தம் சகோதரர் இருவரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்திருந்த அவருக்கு, அந்நோய்க்கும் இதுவே மருந்தானது எத்தகைய ஆறுதலோடு எத்தகைய வேதனையையும் அளித்திருக்கும்!

ஃபோலிக் அமிலம் உடலில் செய்யும் வேலையைத் தறி கண்டவர் எளிதில் அறிவர். பாவின் ஊடே நாடா ஓடுகிறது. நாடாவினுள் தார் இருக்கிறது. தாரிலுள்ள நூலே ஊடையாகிறது. தார் தீர்ந்தால் வேறு தார் இட்டாலன்றி நாடா ஓடியும் பயனில்லை. உயிரணுவில் அந்நாடா போன்றதே ஃபோலிக் அமிலம். அது சுமந்து செல்லும் சரக்கு ஒரே ஒரு கரியணு. அக்கரியணுவை அதற்குப் பெரும்பாலும் அளிப்பது எது? முன்பு சொன்ன செரினேதான்! கரியணுவைக் கொடுத்தபின் செரின், கிளைசின் என்னும் வேறு மணியாகிறது. பட்டிழையில் மிகுந்திருப்பதும் அக்கிளைசினே. பெற்ற கரியணுவைக் கொண்டு சென்று, பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்களில் ஒன்றாகிய தைமினை ஆக்குவதற்குக் கொடுத்ததும், ஃபோலிக் அமிலம் வெறும் நாடாவாகிறது. அதனை மறுபடியும் சுமைக்குத் தகுதியாக்குவது ஒரு நொதி. அந்நொதி வேலை செய்யாவிடின் டி.என்.ஏ. வளராது, டி.என்.ஏ. வளராவிடின் உயிரணு இரண்டாகப் பிரியாது. ரத்த அணுக்கள் பெருகாமல் பருத்து நின்றதற்குக் காரணம் இதுவே.

பாஸ்டன் நகரில் ஸிட்னி ஃபார்பர் என்னும் டாக்டர், ரத்தப் புற்றுநோயால் மடியும் குழந்தைகளைக் கண்டு நொந்தவர். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்; நோய் தணியாமல் வேகங்கொண்டது. அத்தோல்வியே அவருக்கு வழிகாட்டியது. வளர்வதற்கு இப்பொருள் வேண்டுமாயின், இதற்குப் பகையான பொருளால் நோயை நிறுத்தலாமன்றோ? சுப்பாராவின் குழுவினர் அப்பகையை ஆக்கித் தந்தனர். ஃபோலிக் அமிலத்தில் ஓரிடத்துப் பிராணவாயு அணுவை நீக்கி, அமினோ தொகுதி ஒன்றை வைத்தனர், அமினோப்டெரின் பிறந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருத்தலால் நொதி ஏமாந்து அதனைப் பற்றிக்கொள்கிறது, பிறகு விடுவதில்லை. நாடா வெறுமையாகவே கிடக்கிறது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கைப்படி, மருந்துண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் வழங்கி வருகிறது.

"இதெல்லாம் டாக்டர் அறிந்தால் போதாதா?" என்று அப்பெண் கேட்டாள். போதாது. கேளுங்கள்.

மெதோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. முடக்குவாதத்திற்கும், சிலவகைத் தோல் நோய்க்கும் சிறிய அளவில் கொடுக்கப்படுகிறது. அவ்வாறு கொடுக்கையில் வாரத்திற்கு ஒரே ஒரு நாள்தான் உண்ணவேண்டும். அதன் தீங்கைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் வேறு நாட்களில் தருவது வழக்கம். வாரத்திற்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எழுதியோ, படித்தோ, உண்டோ உயிர் துறந்தோர் பல தேசங்களிலும் உண்டு. ஏன் துறந்தனர்? தினந்தோறும் நாடா வெறுமையானால், வேகமாக வளரும் உயிரணுக்களே முதலில் பட்டுப்போகும். வாயின் உட்தோலும், குடலும், எலும்பு மஜ்ஜையும் அத்தகையன. வாயில் புண் தோன்றுகிறது; கஞ்சி குடிக்க முடிவதில்லை; பின் ரத்த அணுக்கள் குறைந்து ஜுரம் வருகிறது. அவ்வாய்ப் புண்ணை முதலில் காண்பவர் யார்? டாக்டர் காலையில் ஒரு முறை வந்து போகிறார். நோயாளிக்கு வாய் துடைத்துக் கஞ்சி ஊட்டுபவள் நர்ஸ். ஜீவ ரசாயனம் அறிந்தவள் அப்புண்ணைக் கண்டதும் மருந்துச் சீட்டைத் தேடி ஓடுவாள். அறியாதவள் உஷ்ணத்தால் வந்த புண் என்று தேன் தடவுவாள்.

இன்னொன்று. புற்றுநோய்க்கு இம்மருந்தை மிகப் பெரிய அளவில் செலுத்தும்போது, குறித்த மணி நேரத்தில் ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்தையும் செலுத்தியாக வேண்டும். ஃபோலிக், ஃபோலினிக்: காதுக்கு ஓரெழுத்து வித்தியாசம், நோயாளிக்கு உயிர் வித்தியாசம். ஃபோலிக் அமிலம் பயன்பட வேண்டுமாயின் முடங்கிக் கிடக்கும் அந்நொதியின் வழியே போகவேண்டும், வழிதான் அடைபட்டிருக்கிறதே! ஃபோலினிக் அமிலமோ அந்நொதியின் உதவியின்றியே வேலை செய்யவல்லது. இதனை உருப்போட்டவள் நள்ளிரவில் மறக்கக்கூடும், உணர்ந்தவள் மறவாள். அறிஞர் அண்ணாவின் பெயரால் காஞ்சியையடுத்த காரைப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆதலால் இது காஞ்சிக்கு எங்கோ தூர தேசத்துக் கதையன்று.

ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் வாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கிராம நர்ஸ் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. "வயிற்றைப் புரட்டுகிறது" என்று அதனைக் கூரையில் செருகி வைக்கும் பெண்கள் பலர். குழந்தையின் முதுகுத் தண்டு உருவாகி மூடிக்கொள்வது கருத்தரித்த முதல் நான்கு வாரங்களில். அப்பொழுது பெரும்பாலும் தாய்க்கே கரு உண்டானது தெரியாது. தண்டு சரியாக மூடாத குழவியை முன்னர்ப் பெற்ற தாய்மார்க்கு ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அக்குறை பத்தில் ஏழு பங்கு குறைந்ததென 1991-ல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அச்சத்தும் நீரோடு போய்விடும். கர்ப்பிணிக்கு மெதோட்ரெக்ஸேட் ஆகாது என்பதற்கும் காரணம் இதுவே. இவ்வளவும் ஒரே நாடாவின் கதை. காரணம் அறிந்த நர்ஸ் சொன்னால் பெண்கள் கேட்பார்கள். ஸர்க்கார் கொடுக்கச் சொன்னது என்று மட்டும் சொன்னால் மாத்திரை கூரைக்கே போகும்.

அப்படியாயின் குற்றம் மாணவியிடமா? இல்லை. வேலூரில் பல்கலைக்கழகப் பட்டத்துடன் நர்ஸ் கல்வி தொடங்கியது 1946-ல். அன்று முதல் இன்றுவரை நமது கல்லூரிகளில் போதனா பாஷை ஆங்கிலமே. தமிழில் சிந்தித்து, தமிழில் நோயாளியோடு பேசப்போகும் பெண்ணுக்கு, தேகத்தின் ரகசியம் அன்னிய பாஷையில் உருப்போடும் மந்திரமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் சட்டம் பயின்ற நாம் ஆங்கிலத்தைப் பழிக்க எழவில்லை. மருந்தின் பெயரும் நொதியின் பெயரும் உலகப் பொதுவாகவே இருக்கட்டும். அவை செய்யும் வேலையை மட்டுமாவது தாய்மொழியில் விளக்கலாகாதா? தமிழில் இயலாது என்பாருக்கு யாழ்ப்பாணம் விடை கூறும். அங்கு மானிப்பாயில் ஸாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கப் பாதிரி வைத்தியர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்க்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார்; ரசாயன நூலொன்று 'கெமிஸ்தம்' என்ற பெயருடன் 1875-ல் தமிழில் அச்சாயிற்று. அன்னியர் ஒருவர் செய்து காட்டியதை நாம் செய்யத் தயங்குவது அழகா?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. நர்ஸ் கல்லூரிகளில் ஜீவ ரசாயனத்தை நோயாளியின் படுக்கையிலிருந்து தொடங்கிக் கற்பியுங்கள். சூத்திரம் பின்னர் வரட்டும். வகுப்பில் ஆங்கிலத்தோடு தமிழிலும் விளக்குங்கள். மாணவியர் கையில் கொடுக்கத் தக்க தமிழ்த் துணை நூல்களை, பாடம் நடத்தும் ஆசிரியர்களே முன்வந்து எழுதட்டும். பல்கலைக்கழகமும் அரசாங்கமும் அவற்றை அச்சிடட்டும். அரசியல் மேடைகளில் தமிழைப் பற்றி முழங்கும் நண்பர்கள், தங்கள் ஊர் நர்ஸ் கல்லூரியில் எந்தப் பாஷையில் உயிரின் பாடம் நடக்கிறதென ஒரு நாள் சென்று கேட்பார்களாக.

நாம் பேசி முடித்ததும் நண்பர் மறுபடி நாடாவைத் தள்ளலானார். மகள் அதனைச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு புஸ்தகத்தைத் திறந்து, ஃபோலிக் அமிலம் என்றிருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்ஸிலால் "நாடா" என்று தமிழில் எழுதிக்கொண்டாள்.