ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆகும்போது

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பொம்மை செய்பவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிறார். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் பிரித்தெடுத்து, ஓரப் பிசிறைச் சீவி, ஈரத்துணியால் தடவிச் சரிசெய்கிறார். சூளையை மூடிய பிறகு உள்ளே அவர் கை எட்டாது.

தலைமைப் பயிற்சியாளரின் வேலையும் அப்படித்தான். எல்லைக்கோட்டில் நின்று சத்தம் போடலாம், ஆளை மாற்றலாம். மட்டையைப் பிடிக்க முடியாது. நேற்றுவரை களத்தில் ஓடியவருக்கு இதுதான் பெரிய வேதனை.

நம் வாசுதேவன் பாஸ்கரனை எடுத்துக்கொள்வோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றார்கள். ஹாக்கியில் இந்தியா கடைசியாக வாங்கிய ஒலிம்பிக் தங்கம் அது. இருபது ஆண்டு கழித்து, சிட்னி ஒலிம்பிக்கில் அவரே பயிற்சியாளர். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் போலந்து ஒரு கோல் போட்டது. வாசல் வரை போய்த் திரும்பிய இந்தியாவுக்கு ஏழாவது இடம். 2006 உலகக் கோப்பைக்கு மறுபடி அவரை அழைத்தார்கள், பதினோராவது இடம்.

மாஸ்கோவில் அவர் தலைமையில் ஆடிய எம்.கே. கௌசிக்குக்கு வேறு கதை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் பயிற்சியாளராக நின்று, 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கிக் கொடுத்தார். ஒரே அணியில் ஆடிய இருவருக்கு இரண்டு விதமான பலன். ஆடிய காலத்துப் பெருமை, பயிற்சியாளர் வேலைக்குச் செல்லுபடியாகும் நாணயமல்ல.

பயிற்சியாளரின் கை எதுவரை எட்டும் என்பதை அமெரிக்கக் கால்பந்தில் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சியாளரின் குரல் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கும். ஆனால் ஒவ்வொரு நகர்வையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதற்கு மேல் முடிவு களத்தில் இருப்பவருடையது. ஆடிய பெருமை மட்டும் போதாது என்பதும் அங்கே தெரியும். சிகாகோ பேர்ஸ் அணியின் நட்சத்திரமாக இருந்த மைக் டிட்கா, 1972-இல் ஆட்டத்தை விட்டதும் தலைமை நாற்காலியில் உட்காரவில்லை. டல்லாஸ் அணியில் தலைமைப் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரியின் கீழ் ஒன்பது ஆண்டு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 1982-இல்தான் சிகாகோ அவரை அழைத்தது. 1986 ஜனவரியில் அந்த ஆட்டத்தின் உச்சப் பட்டமான சூப்பர் பவுல் வந்தது.

அந்த ஒன்பது ஆண்டுதான் முக்கியம். நாம் அதைக் கொடுப்பதில்லை. பெயரைப் பார்த்து பொறுப்பைக் கொடுக்கிறோம், ஒரு தொடர் தோற்றதும் பிடுங்கிக்கொள்கிறோம்.

பயிற்சியாளர் ஆவதற்கென்றே பட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் இயங்குகிறது. பட்டயப் படிப்பு உண்டு. விருத்தாசலம் பள்ளி மைதானங்களில் கபடியும் கால்பந்தும் ஆடும் பிள்ளைகளே, கால் ஓயும்வரை காத்திருக்காமல் இப்போதே அதைப்பற்றி விசாரித்து வையுங்கள்.