ஊசி இல்லாத ஊசி மரம்!

குட்டீஸ்... மதுரையில் திருவிழாப் பந்தலுக்கு நடுகிற நீளக் கம்புகளைப் பார்த்திருப்பீர்களே! அவை சவுக்கு மரங்கள். கடற்கரை மணலில், உப்புக் காற்றைத் தாங்கி வளர்பவை.

பார்க்க, மலையில் வளரும் பைன் மரத்தின் தம்பி மாதிரி இருக்கும். ஏமாந்து விடாதீர்கள்! ஊசி போலத் தொங்குவது இலையே அல்ல, பச்சைக் குச்சி. மெல்ல இழுத்தால், கணுக் கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் போல, 6 முதல் 8 செதில்கள் இருக்கும், அவைதான் இலைகள். இத்தனூண்டு இலை என்பதால், நீர் அதிகம் வீணாவதில்லை.

சரி, வெறும் மணலில் சாப்பாட்டுக்கு என்ன வழி? வேர் முடிச்சுகளில் குடியிருக்கும், 'பிராங்கியா' என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. பதிலுக்கு, மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது!

கடந்த 2004ல் சுனாமி வந்தபோது, கடலூர் கரையோரத்தில் சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் இருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது.

ஒரு குறை... வெட்டிய அடிமரம் சரியாகத் துளிர்க்காது. மீண்டும் தோப்பு வேண்டுமானால், புதுக் கன்றுதான் நட வேண்டும்.