எஞ்சினுக்கு முதல் தண்டவாளம்

வீட்டில் ஒரு கரிக்கோச்சி ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த எஞ்சினை வாங்கலாம்?" போன கிழமை கொம்பனித்தெரு புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பியும் அதையே கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எஞ்சினைப் பிறகு பார்ப்போம். முதலில் தண்டவாளத்தின் அகலத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொம்பனித்தெருவால் போகும் கரையோரப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். 1864இல் கொழும்பிலிருந்து முதல் வண்டி ஓடிய நாள் தொட்டு இலங்கையின் பெரிய பாதைகளுக்கு இதுதான் அளவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இருப்பது 1,435 மில்லிமீற்றர் பாதை. மாதிரி ரயில் செய்யும் கம்பனிகள் அந்த நாடுகளில் வளர்ந்தவை. அவர்களுடைய தண்டவாளமும் அந்த அளவைச் சுருக்கியதுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். 1,435ஐ 87 மடங்கு சுருக்கினால் அது வரும். எச்.ஓ. என்று சொல்லும் அளவு இதுதான். பிரித்தானியர் விரும்பும் ஓ.ஓ. அளவில் வண்டியை 76 மடங்குதான் சுருக்குகிறார்கள், ஆனால் ஓடவிடுவது அதே 16.5 தண்டவாளத்தில்.

இப்போது எங்கள் பாதையை எடுங்கள். 1,676ஐ 87ஆல் பிரித்தால் 19.3 மில்லிமீற்றர். 76ஆல் பிரித்தால் 22. இந்த அகலங்களில் தண்டவாளத்தைச் சாதாரண பொம்மைக் கடையில் வாங்க முடியாது. இந்தியாவின் அகலப் பாதையும் இதே ஐந்தரை அடி என்பதால், சென்னையிலோ புனேயிலோ மாதிரி ரயில் கட்டுகிறவருக்கும் இதே இடைஞ்சல் உண்டு. பெரும்பாலானவர்கள் வண்டியின் உடலைச் சரியான அளவில் செய்து 16.5 தண்டவாளத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குறை தெரியாது. முன்னால் நின்று பார்த்தால் அகலமான உடலுக்குக் கீழே சில்லுகள் நெருங்கி நிற்பது தெரியும். பொறுமை உள்ளவர்கள் கட்டைகளை வரிசையாக ஒட்டி, தண்டவாளத்தைத் தாங்களே 19.3இல் பதித்து, ஒவ்வொரு அச்சையும் நீட்டுகிறார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் முதல் எஞ்சினுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

எங்களிடம் இன்னொரு பாதை இருந்தது. மருதானையிலிருந்து அவிசாவளைக்கும், அதற்கு அப்பால் எட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் போன களனிவெளிப் பாதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பரும் தேயிலையும் ஏற்றுவதற்காகப் போட்ட இந்தப் பாதையின் அகலம் இரண்டரை அடி, 762 மில்லிமீற்றர். 1990களில் இதன் அவிசாவளை வரையான பகுதியை அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். 762ஐ 87ஆல் பிரித்துப் பாருங்கள்: 8.76. உலகமெங்கும் விற்கும், 'என்' (N) என்று சொல்லும் அளவின் மாதிரித் தண்டவாளம் 9 மில்லிமீற்றர். வித்தியாசம் கால் மில்லிமீற்றர்கூட இல்லை! கண்ணால் யாராலும் பிடிக்க முடியாது. எங்கள் பெரிய பாதைக்குப் பொருந்தாத கடைத் தண்டவாளம், எங்கள் சின்னப் பாதைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. இந்தக் கணக்கைத்தான் ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் முதலில் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே இரண்டரை அடியில் மலையகத்திலும் ஒரு பாதை ஓடியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு. 1940களில் அதை மூடிவிட்டார்கள். தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறிய அந்த வண்டியில் போனவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பார்கள். அதை இனி யாரும் ஏறிப் பார்க்க முடியாது. ஒரு மேசையில் செய்து பார்க்கலாம். இப்படியான பாதைகளுக்காகத்தான் இந்தக் கலையே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். களனிவெளியில் ஓடியவற்றில் 4-6-4 டாங்க் எஞ்சின்கள் முக்கியமானவை. முன்னால் வழிகாட்ட நான்கு சிறு சில்லு, நடுவில் இழுக்கும் ஆறு சில்லு, பின்னால் பாரம் தாங்க நான்கு. தண்ணீரும் கரியும் எஞ்சினின் மேலேயே இருப்பதால் தனி ரெண்டர் வண்டி கிடையாது. இதை முழுக்கப் புதிதாகச் செய்யத் தேவையில்லை. பழைய 'என்' அளவு எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை, மோட்டரும் சில்லுகளுமாக எடுத்துக்கொண்டு, மேலே எங்கள் எஞ்சினின் உடலைக் கட்டலாம். ஒரு பிரித்தானியப் பெரிய எஞ்சினின் நாலரை அடிச் சில்லு, 'என்' அளவில் 148 மடங்கு சுருங்கி 9.3 மில்லிமீற்றர் ஆகிறது. அதே சில்லை 87 மடங்குக் கணக்கில் வாசித்தால் 80 சென்றிமீற்றர் விட்டமுள்ள சில்லு, சின்னப் பாதை எஞ்சினுக்கு ஏற்ற அளவு. ஜப்பானின் கேட்டோ கம்பனி செய்யும் சிறிய மோட்டர் அடிச்சட்டங்களைப் பல நாடுகளில் சின்னப் பாதைக்காரர் இதற்காகவே வாங்குகிறார்கள்.

அடிச்சட்டத்தில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு சில்லுகளையும் பக்கத்துக்கு ஒரு இணைப்புத் தண்டு பூட்டி வைத்திருக்கிறது. இடப்பக்கத் தண்டு மேலே இருக்கும்போது வலப்பக்கத் தண்டு மேலேயோ கீழேயோ இருக்காது. கால் சுற்று, 90 பாகை, தள்ளி நிற்கும். சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஒரு மிதி உச்சியிலும் மற்றது அடியிலும் நேர்கோட்டில் நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் சில்லு அசையாது. நீராவி எஞ்சினில் பிஸ்ரனுக்கும் இதே கதிதான். ஒரு பக்கம் அப்படி மாட்டிக்கொண்டாலும் மற்றப் பக்கம் முழு பலத்தோடு தள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தக் கால் சுற்று.

மாதிரி எஞ்சினில் பிஸ்ரன் தள்ளுவதில்லை, மோட்டர் ஒரு அச்சைத் திருப்புகிறது, மற்றவற்றைத் தண்டு இழுத்துச் செல்கிறது. ஆனாலும் இந்தக் கால் சுற்றுக் கணக்கு எல்லா அச்சிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு அச்சு மூன்று, நான்கு பாகை பிசகினாலும் சுற்றுக்கு ஒருமுறை வண்டி இறுகி நின்று நின்று போகும். ஆகவே மோட்டரைப் பூட்ட முதல், அடிச்சட்டத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அந்த அச்சின் சில்லை மயிரிழை திருப்புங்கள். மோட்டருக்குப் பலம் கூட்டி இந்தக் குறையை மறைக்க முடியாது, பல்சக்கரம்தான் தேயும்.

உடலுக்குப் பித்தளைத் தகடு, பிளாஸ்ரிக் தகடு, முப்பரிமாண அச்சு மூன்றும் நல்லவைதான். தொடங்குகிறவருக்கு அரை மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகடு போதும். கூரிய கத்தியும் இரும்பு அளவுகோலும் இருந்தால் வெட்டலாம், பிழைத்தால் எறிந்துவிட்டு மறுபடி வெட்டலாம். பொயிலருக்குச் சரியான விட்டமுள்ள குழாய். புகைபோக்கியும் நீராவி மகுடமும் கடைந்தோ அச்சிட்டோ எடுக்க வேண்டியவை. இவற்றின் வடிவம் பிசகினால் எஞ்சினின் முகமே மாறிவிடும். மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரண்டிலும் நேரம் செலவழியுங்கள்.

பிறகு பாரம். நீளத்தை 87 மடங்கு சுருக்கினால் எடை 87 மடங்கு குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் ஆறரை இலட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. 50 தொன் எஞ்சின் ஒன்று இந்தக் கணக்கில் 76 கிராம். அவ்வளவு இலேசான எஞ்சின் சில்லைச் சுழற்றிக்கொண்டு நிற்கும், பெட்டி இழுக்காது. அதோடு, மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாகத்தான் மோட்டருக்கு ஏறுகிறது. சில்லு அழுந்தாவிட்டால் மின்சாரமும் விட்டுவிட்டு வரும். ஆகவே பொயிலருக்குள்ளும் பக்கத் தொட்டிகளுக்குள்ளும் ஈயம் நிரப்புகிறோம். எடை இழுக்கும் சில்லுகளின் நடுவில் விழ வேண்டும். ஒரு எச்சரிக்கை: சின்ன ஈயக் குண்டுகளை வெள்ளை மரப் பசையில் குழைத்து ஊற்ற வேண்டாம். வருடங்கள் போக ஈயம் அரித்து வெள்ளைப் பொடியாகி ஊதும், உடலையே வெடிக்கவைக்கும். கொழும்பின் ஈரக் காற்று அதற்கு நல்லதல்ல. ஈயத் தகட்டை மடித்து எபொக்சிப் பசையால் ஒட்டுவதே நல்லது.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஈரமும் உப்பும் பெரிய விஷயம். இரும்புத் தண்டவாளம் வாங்காதீர்கள், துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத்தில் வருவதை வாங்குங்கள். அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகை என்றால் மேல், கீழ், விளிம்பு எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஊதித் தண்டவாளத்தை நெளிக்கும். மின்சாரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 12 வோல்ட் நேர்மின்னோட்டமும் ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் முதல் எஞ்சினுக்குப் போதும். டி.சி.சி. என்ற இலக்கமுறை, ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப் வைத்துத் தனித்தனியாக ஓட்டுவது, இரண்டாவது எஞ்சின் வந்த பிறகு யோசிக்க வேண்டியது. வயர், ஆளி, மின்தடை எல்லாம் புறக்கோட்டையில் வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி கேட்ட அடுத்த கேள்வி: "மலைக்கோச்சி மாதிரி ஏற வைக்க முடியாதா?" முடியும். மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1. ஒரு மீற்றருக்கு 2.3 சென்றிமீற்றர். ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்ட ஏறக்குறைய 6 சென்றிமீற்றர் உயரம் வேண்டும் என்றால், 2.6 மீற்றர் தண்டவாளம் ஓடியாக வேண்டும். சிறிய அறையில் அவ்வளவு நேர் நீளம் கிடைக்காது. வட்டமாகச் சுற்றி ஏற வேண்டியதுதான். இதையே உண்மையான மலையில் செய்த இடம் தெமோதரை. வண்டி நிலையத்தை விட்டு மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்தால் வெளியே போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்று மலையகத்தில் ஒரு கதை சொல்வார்கள். இடமில்லாத வீட்டுக்காரருக்கு தெமோதரையைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது. 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தை 30 சென்றிமீற்றர் ஆரையில் வளைத்தால் இரண்டரை அடி அகலப் பலகையில் அந்தச் சுற்று அடங்கும். ஒரே சுற்றில் ஏற்றினால் சரிவு 31க்கு 1 ஆகிவிடும். இரண்டு, மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மலையில் அதிகம் இழுக்க வேண்டும் என்றால் கரட் எஞ்சின் இருக்கிறது. மன்செஸ்ரரின் பேயர் பீக்கொக் கம்பனி 1927இல் சி 1 வகையில் ஒன்றையும், 1945இல் சி 1ஏ வகையில் எட்டையும் எங்கள் அகலப் பாதைக்குச் செய்து அனுப்பியது. நடுவில் பொயில‌ர், முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு எஞ்சின் சட்டங்கள். இவ்வளவு நீளமான எஞ்சின் மலை வளைவில் மடங்கிப் போவதற்காகக் கண்ட வழி அது. மாதிரி செய்கிறவருக்கும் அது பெரிய உதவி: ஒரே மாதிரியான இரண்டு சிறிய அடிச்சட்டங்களை வாங்கி, நடுவே பொயிலரைத் தொட்டில்போல் தொங்கவிட்டால் மிகக் கூரிய வளைவிலும் ஓடும். இரண்டு மோட்டரும் ஒரே வேகத்தில் சுழல்கின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருவத்தைச் சரியாக எடுக்க டேவிட் ஹயட் எழுதிய இலங்கை ரயில்வே பற்றிய புத்தகம் கைவசம் இருந்தால் நல்லது. அதைவிட நல்லது 2014இல் திறந்த கடுகண்ணாவை புகையிரத நூதனசாலைக்கு ஒருமுறை போய்வருவது. அளவு குறித்த ஒரு தடியைப் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து எந்தப் பகுதியையும் அளந்துகொள்ளலாம். ஆணி வரிசை, படிக்கட்டு, விளக்குக் கொக்கி எல்லாவற்றையும் கிட்ட நின்று எடுங்கள். கடையில் வாங்கிய எஞ்சின் எங்கள் எஞ்சினாவது இந்தச் சின்னப் பொருட்களில்தான். நிறத்திலும் அப்படித்தான்: பளபளப்பான கறுப்பு அடிக்காதீர்கள், சாம்பல் கலந்த மங்கல் கறுப்பு அடித்து, சில்லுகளுக்கும் படிகளுக்கும் எங்கள் செம்மண் தூசியை மெல்லப் பூசுங்கள்.

கடைசியாக வேகம். மாதிரி வண்டிகளைப் பெரும்பாலானோர் மிக வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். மலையில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறும் எஞ்சின், 87 மடங்குக் கணக்கில் ஒரு செக்கனுக்கு 6.4 சென்றிமீற்றர்தான் நகரும். ஒரு மீற்றர் தண்டவாளத்தைக் கடக்க ஏறக்குறைய 16 செக்கன். ஆகவே அடிச்சட்டம் கையில் வந்ததும், உடல் கட்ட முதல், மேலே 50 கிராம் ஈயத்தை வைத்து ஒரு மீற்றரை அந்த வேகத்தில் ஓடவிடுங்கள். இடையில் நிற்காமல், துள்ளாமல் ஓடினால் பிளாஸ்ரிக் தகட்டை வெட்டத் தொடங்கலாம். நின்றால், மறுபடி இணைப்புத் தண்டைக் கழற்றி ஒவ்வொரு அச்சாகப் பாருங்கள்.