மனையும் மனைவியும்

மனை என்னும் சொல் வீட்டைக் குறிப்பது. மனைவி என்னும் சொல் அதினின்று பிறந்தது. இல்லாள், இல்லறம் என்பவற்றுக்கும் ‘இல்’ என்பதே முதல். வீடின்றி இல்வாழ்க்கை இல்லை என்பதை நம் முன்னோர் சொற்களிலேயே பொதிந்து வைத்தனர். சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையின் முடிவில், கோவலனின் தாய் புதுமணத் தம்பதியரைத் தனிமனையில் இருத்துகின்றாள். விருந்தோம்பலும் துறவோரைப் பேணலும் கண்ணகிக்கு அம்மனையிலே வாய்க்கின்றன. பின்னர்க் கொலைக்களக் காதையில், தான் இழந்தவை என்று அவள் எண்ணிச் சொல்வதும் இவ்வறங்களையே. பொன்னையும் மணியையும் அன்று.

இவற்றை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி வருபவன் யான். எனினும் இவற்றின் பொருள் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது, அண்மையில் ஒரு ருசிய இசைநாடகத்தின் திரைப்பட வடிவைக் கண்டபோதுதான். பூனாகலைத் தோட்டத்தைச் சேர்ந்த என் பழைய மாணாக்கன் ஒருவன் அதனைத் தன் கணினியில் எனக்குக் காட்டினான்.

‘மொஸ்கோ, செரியோமுஷ்கி’ என்பது நாடகத்தின் பெயர். லெனின்கிராட் முற்றுகைக் காலத்தில் ஏழாம் சிம்பொனியை ஆக்கிய திமித்ரி ஷொஸ்தகோவிச்சே இதற்கும் இசை வகுத்தவர். கதையும் பாடலும் விளாதிமிர் மாஸ், மிகயில் செர்வின்ஸ்கி என்னும் இருவருடையவை. 1959 ஜனவரி 24 அன்று மொஸ்கோவில் அரங்கேறிற்று. அந்நாளில் அந்நகரத்து மக்களிற் பெரும்பாலோர் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற அளவிலேயே வாழ்ந்தனர். சமையலறையும் குளியலறையும் பல குடும்பங்களுக்குப் பொது. 1957இல் குருஷேவின் அரசு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதாக உறுதி கூறிற்று. நகரின் தென்மேற்கில் செரியோமுஷ்கி என்னும் புறநகர்ப் பகுதியில் ஐந்துமாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன.

நாடகத்தில் மாஷாவும் சாஷாவும் மணம் முடித்தவர்கள். ஆயினும் சேர்ந்து வாழ இடமற்றவர்கள். தமக்குக் கிடைக்கப் போகும் வீட்டைக் கனவிற் காண்பதே அவர்களுடைய இல்லறம். இன்னும் இரண்டு காதலிணைகளும் அந்நாடகத்தில் உண்டு. வீடு ஒதுக்கப்படுகின்றது, சாவியோ வருவதில்லை. சாவிக்கொத்தை வைத்திருக்கும் கட்டட அதிகாரி சாக்குச் சொல்லிக் காலங் கடத்துகின்றான். அவனுக்கு மேலுள்ள பெரியவர் ஒருவர், தம் இளமனைவிக்காக அடுத்த வீட்டுச் சுவரை இடித்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்கிக்கொள்ள முயல்கின்றார். இறுதியில் இளைஞர் ஒரு மாயத் தோட்டத்தை அமைக்கின்றனர். அங்குள்ள இருக்கையில் அமரும் அதிகாரிகள் உண்மையைத் தவிர வேறொன்றும் பேச இயலாதவர் ஆகின்றனர். அவையோர் சிரிக்கின்றனர், வீடு உரியவர்க்குக் கிட்டுகின்றது.

ஷொஸ்தகோவிச் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்நாடகத்தை எண்ணி வெட்கப்பட்டார். அரசின் திட்டத்தைப் புகழ வந்த படைப்பு என்று குறை கூறுவோரும் உளர். அக்கட்டடங்களும் தாழ்ந்த கூரையும் மெல்லிய சுவரும் உடையனவே. 2017இல் மொஸ்கோ நகராட்சி அத்தகைய பல கட்டடங்களை இடித்துப் புதுக்கத் திட்டமிட்டது. இவை யாவும் மெய்யே. எனினும், சாவிக்காகக் காத்திருப்பவனுடைய துயரை மேடையேற்றி, சாவியை மறைப்பவனை நகைப்புக்கு உள்ளாக்கியது சிறிய செயலன்று.

காட்சி முடிந்ததும் என் மாணாக்கன் சொன்னான்: “சேர், இது நம்ம கதைதானே.”

சென்ற மாசியில் காமன் பொட்டலில் மதனாக ஆடியவன் அவன். மதனை எரித்தபோது ரதியின் புலம்பலைக் கேட்டு லயத்துப் பெண்கள் கண்ணீர் விட்டனர். ஆட்டம் முடிந்து வேடத்தைக் கலைத்தபின், காதற் கடவுளாக நின்றவன் திரும்பிச் சென்றது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு. பெற்றோர், தங்கையர், ஆண்டு திரும்பாத புதுமனைவி என அறுவர் அதிலே. நடுவே ஒரு சேலைத் திரை.

எனக்கு இது புதிதன்று. யான் மணமுடித்த நாளில் என் பெற்றோர் இஸ்தோப்பிலே படுத்தனர். மழையிரவுகளில் என் தந்தையார் இருமும் ஒலி கேட்டு நாங்கள் பேச்சை நிறுத்துவோம். நானும் என் மனைவியும் மனம் விட்டுப் பேசியதெல்லாம் விறகு பொறுக்கச் செல்லும் வழியிலேதான். மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் புணர்தலே உரிப்பொருள் என்பது நம் இலக்கணம். சங்கத் தலைவியும் தலைவனும் தினைப்புனத்தில் மறைந்து சந்தித்தனர். மணந்தபின் மனை புகுந்தனர். எம் மலையிலோ மணத்துக்குப் பின்னும் களவொழுக்கமே!

லயத்தின் துன்பம் இடநெருக்கடி மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து பலர் வீடிழந்தனர். தனிவீட்டுத் திட்டங்கள் இல்லாமலில்லை. இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்றனர். 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சும் எழுந்தது. அறிவிப்புக்கும் அடுப்புப் பற்றவைக்கும் நாளுக்கும் இடையிலே ஓர் இளமை கழிந்துவிடுகின்றது.

என் மாணாக்கன் பெயரும் ஒரு பட்டியலில் உண்டு. “சேர், வீடு கட்டி வருசமாச்சு. சாவி கேட்டுப் போனா, தெறப்பு விழாவுக்குப் பெரியவங்க வரணும், அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்றாங்க” என்றான். சொல்லும்போது சிரித்தான். அருகிலிருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை. பிள்ளைப்பேறு வைகாசியில் என்று பின்னர் அறிந்தேன்.

நம் மேடையில் கண்ணீருக்குக் குறைவில்லை. ரதி ஆண்டுதோறும் அழுகின்றாள். சாவி வைத்திருப்போரைக் கண்டு சிரிக்கும் நாடகம் ஒன்று நமக்கும் வேண்டும். “எழுதித் தாங்க சேர், நாங்க ஆடுறோம்” என்றான் அவன். மாயத் தோட்டத்துக்கு மாற்றாகத் தேயிலை நிறுக்கும் தராசு ஒன்றை வைக்கலாம். அதிலேறும் பெரியவர் உண்மையே பேசட்டும் என்றேன். இளைஞர் ஆரவாரித்தனர். முதற்காட்சியை எழுதிவிட்டேன். வரும் மாசிக்குள் முடித்துத் தருவதாக ஒப்பியுள்ளேன். அதற்குள் அவனுக்குச் சாவி கிட்டிவிட்டால், கடைசிக் காட்சியை அவ்வீட்டு வாசலிலேயே ஆடுவதென்று முடிவாகியிருக்கின்றது.